ஷீட் ரோல் அழிந்த பிறகு: இரண்டாம் உலகப் போரின் தமிழ்ச் சிப்பாய்களைத் தேடுதல்

கேள்வி

தமிழகக் கிராமங்கள் சிலவற்றில் பழைய சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூட முகப்பிலோ ஒரு சிறு கற்பலகை பதிந்திருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு வைத்த பலகை அது. இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பலகையில் இருப்பவை இரண்டு எண்கள். ஒரு பெயர்கூட இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு ஊரில் இந்தக் கல்லும் பெரும்பாலும் கிடையாது.

அந்தத் தலைமுறையில் ஏறத்தாழ எல்லோரும் மறைந்துவிட்டார்கள். "தாத்தா பட்டாளத்துல இருந்தாரு, பர்மா சண்டைக்குப் போனாரு" என்ற ஒரு வரியோடு பேரப்பிள்ளைகள் நிற்கிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் எதை உறுதியாக அறிய முடியும், எதை ஊகிக்க மட்டுமே முடியும், எதை அறிந்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் சேர்ந்த சாதாரணத் தமிழ்ச் சிப்பாயைப் பற்றிய தனியாள் ஆவணம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அவர் இருந்த படைப்பிரிவின் ஆவணம் அழியவில்லை. ஆகவே தேடல் ஆளிலிருந்து தொடங்கினாலும் படைப்பிரிவு வழியாகத்தான் நடந்தாக வேண்டும். அப்படித் தேடினால் தெரியவருவது, வீட்டில் சொல்லப்பட்ட சண்டைக் கதையிலிருந்து மாறுபட்ட, உழைப்பால் ஆன ஒரு போர்.

இதுவரையான புரிதல்

சென்னைப் படைகளின் வரலாறு ஒரு இடைவெளியால் பிளவுண்டது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, நீண்ட அமைதி தென்னாட்டு மக்களின் போர்க்குணத்தை மழுங்கடித்துவிட்டது என்ற கருத்தைக் கொள்கையாகவே ஆக்கினார். பஞ்சாபியரும் கூர்க்காக்களும் பட்டாணியரும் 'போர்ச் சாதிகள்' ஆனார்கள். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. எஞ்சியிருந்த மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமெண்டும் 1928க்குள் இல்லாமல் போயிற்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சப்பர்ஸ் என்ற பொறியாளர் படை மட்டும் இடையறாது நீடித்தது.

1939இல் இரண்டு லட்சத்தை ஒட்டியிருந்த இந்தியப் படை, 1945இல் ஏறத்தாழ 25 லட்சமாகப் பெருகியது. பஞ்சாபிலிருந்து மட்டும் இவ்வளவு ஆள் எடுக்க முடியாது. போர்ச் சாதிக் கொள்கையைப் போர்த் தேவையே தகர்த்தது. 1942இல் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது. போர் முடியும்போது மிக அதிகமாக ஆள் கொடுத்த மாகாணங்களில் சென்னையும் ஒன்றாக இருந்தது.

இந்த மாற்றத்தை அண்மைக்கால வரலாற்றாசிரியர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். யாஸ்மின் கானின் 'தி ராஜ் அட் வார்' 2015இலும், ஸ்ரீநாத் ராகவனின் 'இந்தியாஸ் வார்' 2016இலும் வந்தன. ஆளெடுப்பு, உணவுப் பஞ்சம், தொழில், அரசியல் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்த நூல்கள் அவை. ஆனால் அவற்றில் சென்னை மாகாணத்துச் சிப்பாய் ஒரு புள்ளிவிவரமாகத்தான் வருகிறார். பழைய ரெஜிமெண்ட் வரலாறுகளுக்கோ வேறு குறை. நீலகிரியின் வெலிங்டனில் 1958இல் வெளியான பிதியன்-ஆடம்ஸின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வரலாறு போன்றவை தளபதிகளையும் பட்டாலியன்களையும் பற்றிப் பேசுகின்றன. கொடியும் விருதும் அவற்றின் அக்கறை.

தமிழ் நினைவுலகில் நிலைமை வேறு. தென்கிழக்காசியப் போர் என்றதும் நமக்கு வருவன பர்மாவிலிருந்து நடந்தே வந்த அகதிகள், சயாம் ரயில் பாதையில் செத்த தோட்டத் தொழிலாளர்கள், இந்திய தேசிய ராணுவம் ஆகியவை. 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இந்த உலகத்தைத் தமிழில் நிலைபெறச் செய்தது. எதிர்ப்பக்கத்தில், பிரிட்டிஷ் இந்தியப் படையின் சீருடையில் அதே காடுகளில் சாலை போட்டுக்கொண்டிருந்த தமிழர்களுக்கு அப்படியொரு இடம் நம் எழுத்தில் கிடைக்கவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. விடுதலைக்குப் பிறகு, வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவர் என்ற அடையாளத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வீட்டாருக்கும் தயக்கம், நாட்டுக்கும் தயக்கம்.

தாத்தாவின் போரைத் தேடுதல் என்ற முயற்சிக்கு இந்தியாவில் ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. ரகு கர்னாட் 2015இல் எழுதிய 'ஃபார்தெஸ்ட் ஃபீல்ட்' அது. கோழிக்கோட்டுப் பார்சிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள், அதாவது ஆசிரியரின் தாத்தாவும் குடும்பத்தின் வேறு இருவரும், போரில் இறந்த கதையை அவர் தேடிச் சேர்த்தார். ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர், ஒருவர் விமானி, ஒருவர் கிண்டியில் படித்த பொறியாளர். தனிப்பட்ட கடிதங்கள் தீர்ந்த இடத்தில் படைப்பிரிவின் வரலாற்றைக் கொண்டும் உடனிருந்தவர்களின் நினைவைக் கொண்டும் அவர் மேலே நடந்தார். முறை பின்பற்றத்தக்கது. ஆனால் அம்மூவரும் அதிகாரிகள். அதிகாரியின் பெயர் அச்சிட்ட ராணுவப் பட்டியலில் இருக்கும், போர் நாட்குறிப்பில் இருக்கும், தோழர்களின் ஆங்கிலக் கடிதங்களில் இருக்கும். வட ஆற்காட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ போன, கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்த சிப்பாய்க்கு இவற்றில் எதுவும் கிடையாது. அவரிடமிருந்துதான் நம் சிக்கல் தொடங்குகிறது.

அழிந்தது எது, ஏன்

படையில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஷீட் ரோல் என்ற தனிப் பதிவேடு திறக்கப்படும். சேர்ந்த நாள், ஊர், தந்தை பெயர், மனைவி பெயர், பயிற்சி, இடமாற்றம், தண்டனை, காயம், விடுப்பு எல்லாம் அதில் ஏறும். பேரப்பிள்ளை தேடும் வாழ்க்கை முழுவதும் அந்தத் தாள்களில்தான் இருந்தது. ஓய்வூதியம் பெற்றவரின் பதிவேடுகளை நீண்டகாலமும், ஓய்வூதியம் இல்லாதவரின் பதிவேடுகளை 25 ஆண்டுகளும் வைத்திருந்து பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் பல வழக்குகளில் இந்த விதி மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது.

இந்த விதியைப் போர்க்கால ஆளெடுப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டுப் பணி தேவை. 1941, 1942இல் சேர்ந்து 1946இல் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு நான்கைந்து ஆண்டுப் பணிதான். ஓய்வூதியம் இல்லை. அவரது ஷீட் ரோல் 1970களின் தொடக்கத்திலேயே அழிக்கத் தகுந்ததாகிவிட்டது. போருக்கு முன் சேர்ந்து பின்னரும் நீடித்த தொழில்முறைச் சிப்பாயின் ஆவணம் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். போருக்கென்றே சேர்ந்த லட்சக்கணக்கானோரின் ஆவணமே முதலில் போனது. சென்னை மாகாணத்தில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. தமிழ்ச் சிப்பாய்கள் ஆவணத்தில் அருகிக் காணப்படுவதை வைத்து அவர்கள் போரில் அருகியே இருந்தார்கள் என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. சதித்திட்டம் எதுவும் இல்லாமலேயே, ஓய்வூதியக் கணக்கு ஒன்று யாருடைய வாழ்க்கை வரலாறாக மிஞ்சும் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

பஞ்சாபோடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு புரியும். முதல் உலகப் போரில் பஞ்சாபிலிருந்து பணியாற்றிய ஏறத்தாழ 3,20,000 பேரின் ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நூறாண்டுகள் கிடந்து, பிரிட்டனிலுள்ள ஆய்வாளர்களின் முயற்சியால் 2021 முதல் மின்வடிவில் வெளிவரத் தொடங்கின. அங்கே ஊர்ப் பெயரை இட்டால் கொள்ளுத்தாத்தாவின் பெயர் வருகிறது. சென்னை மாகாணத்துக்கு அப்படி ஒன்றும் நம் கையில் இல்லை.

மிஞ்சியது எது

முதலில் லாங் ரோல். ஷீட் ரோலை அழித்தாலும், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்று எழுதப்பட்ட இந்தப் பேரேட்டை ராணுவப் பதிவு அலுவலகங்கள் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். எண், பெயர், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் போன்றவை அதில் இருக்கும். "தாத்தாவின் ஆவணங்கள் வேண்டும்" என்று பொதுவாக எழுதிக் கேட்டால் "அழிக்கப்பட்டுவிட்டன" என்ற பதில்தான் வரும். அது பொய்யும் அல்ல. லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும் என்று பெயரிட்டுக் கேட்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு, 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, மறுக்க முடியாது என்கிறது. 1943இல் லாரி ஓட்டியவரைப் பற்றிய ஒரு வரி அந்த விலக்குகளுக்குள் வராது.

ஆனால் எந்த அலுவலகத்தில் கேட்பது? இங்கேதான் படைப்பிரிவு தெரிய வேண்டியிருக்கிறது. மெட்ராஸ் சப்பர்ஸ், லாரிப் போக்குவரத்தைப் பார்த்த சர்வீஸ் கோர், உடலுழைப்பு வேலைகளைச் செய்த பயனியர் கோர் மூன்றுக்கும் பெங்களூர். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியின் வெலிங்டன். ஆயுதக் கிடங்குகளைப் பார்த்த ஆர்ட்னன்ஸ் கோருக்கும் பழுது பார்க்கும் ஈ.எம்.இ.க்கும் செகந்திராபாத். மருத்துவப் படைக்கு லக்னோ, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக். தவறான அலுவலகத்துக்கு எழுதினால் வரும் "பதிவு இல்லை" என்ற பதிலை, தாத்தா பட்டாளத்திலேயே இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் குடும்பங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. அந்தப் பதிலின் பொருள் அந்த அலுவலகத்தில் இல்லை என்பது மட்டுமே.

படைப்பிரிவைச் சொல்லும் பொருள்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். டிஸ்சார்ஜ் சான்றிதழ் இருந்தால் தேடலின் பாதி முடிந்தது. எண், பிரிவு, தொழில், சேர்ந்த நாள், நடத்தை, பெற்ற பதக்கங்கள், உடல் அடையாளங்கள் வரை அதில் வரும். அது இல்லாவிட்டால் பதக்கம். போர்க்காலப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றிலோ விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றைப் பொறிப்பது பொதுவழக்கம். மங்கிப்போன ஒரு நட்சத்திரத்தின் பின்புறத்தையோ வட்டப் பதக்கத்தின் விளிம்பையோ உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் தேடலின் திறவுகோல் கிடைக்கலாம். இதற்காகவே சொல்கிறேன்: பதக்கத்தைப் புளி போட்டுப் பளபளப்பாகத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும்.

பதக்கத்தின் வகையும் சாட்சி சொல்லும். பர்மா நட்சத்திரம் 1941 டிசம்பர் 11க்கும் 1945 செப்டம்பர் 2க்கும் இடைப்பட்ட களப்பணிக்கு உரியது. ஆப்பிரிக்க நட்சத்திரம் 1940 ஜூன் முதல் 1943 மே வரை. இத்தாலி நட்சத்திரம் 1943 ஜூன் முதல் 1945 மே வரை. 1939–45 போர்ப் பதக்கம் 28 நாள் பணிக்கே கிடைத்தது. அதை மட்டும் வைத்துக் களம் கண்டார் என்று சொல்ல முடியாது. களத்துக்கு வெளியே மூன்றாண்டுப் பணிக்குக் கொடுத்தது இந்தியப் பணிப் பதக்கம். பெட்டியில் இவ்விரண்டும் மட்டும் இருந்து, வீட்டுக் கதை பர்மாவைச் சொன்னால், ஆய்வாளர் பதக்கத்தின் பக்கம் சாய வேண்டும். ஆனாலும் அதையே தீர்ப்பாக எழுதிவிடக் கூடாது. பதக்கம் பெறத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள், வாங்கப் போகாதவர்கள், விற்றுவிட்டவர்கள் உண்டு.

கடித உறைகள் இருந்தால் அவற்றின் முத்திரை முக்கியம். களத்தில் இருந்தவரின் கடிதத்தில் இடப்பெயர் இருக்காது. களத் தபால் நிலையத்தின் எண்தான் இருக்கும். அந்த எண்ணுள்ள நிலையம் எந்த மாதம் எங்கே இருந்தது என்பதை அஞ்சல் முத்திரை சேகரிப்போர் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். தபால்தலைக்காக உறையின் மூலையைக் கிழித்தெடுத்த கை எத்தனை முகவரிகளை அழித்திருக்கும் என்று எண்ணினால் வருத்தமாக இருக்கிறது.

வருவாய்த் துறைக் கோப்புகளை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. போர்வீரர்களுக்குத் தரிசு நிலம் ஒப்படை செய்யும்போது அவர் படையில் இருந்தாரா என்று தாலுகா அலுவலகம் சரிபார்த்திருக்கும். எண்ணும் பிரிவும் அந்தக் கோப்பில் ஏறியிருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில், ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாத உதவித்தொகை கொடுத்த கோப்புகள் உண்டு. வீட்டில் தொலைந்த டிஸ்சார்ஜ் சான்றிதழின் நகல் பாட்டியின் உதவித்தொகைக் கோப்பில் இருக்கக்கூடும். தாத்தாவைத் தேடுவோர் பாட்டியின் பெயரிலும் தேட வேண்டும். போருக்குப் பிந்திய மறுவாழ்வின் தடம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. நாம் அறிந்த வேலைவாய்ப்பு அலுவலகமே, படையிலிருந்து திரும்புவோருக்கு வேலை தேடித்தர 1945இல் தொடங்கிய மறுகுடியமர்த்தல் துறையிலிருந்து வளர்ந்ததுதான்.

போர் நாட்குறிப்பை வாசித்தல்

படைப்பிரிவு தெரிந்ததும் அடுத்த கட்டம் போர் நாட்குறிப்பு. போர்க்காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் பட்டாலியனும் நாள்தோறும் எழுதி மாதந்தோறும் மேலிடத்துக்கு அனுப்பிய குறிப்பு இது. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், தென்கிழக்காசியக் களத்தின் குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172 என்ற தொகுதியிலும், மத்தியக் கிழக்கு 169இலும், இத்தாலி 170இலும் இருக்கின்றன. தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவும் தேசிய ஆவணக் காப்பகமும் பார்க்கப்பட வேண்டியவை.

இந்தக் குறிப்புகளை முதன்முறை வாசிக்கும் பேரப்பிள்ளைக்கு ஏமாற்றம் நிச்சயம். அதிகாரிகள் பெயரோடு வருவார்கள். மற்றவர்கள் "இந்தியச் சிப்பாய்கள் இருவர் காயம்" என்கிற மாதிரி எண்ணாக வருவார்கள். ஊர்ச் சாவடிப் பலகையின் அதே மொழி. ஆனால் பெயரைத் தேடாமல் வேலையைத் தேடி வாசித்தால் அந்தத் தாள்கள் பேசத் தொடங்கும். எந்தத் தேதியில் எந்த ஆற்றங்கரையில் முகாம், எத்தனை கஜம் சாலை செப்பனிடப்பட்டது, மழையில் எந்தப் பாலம் அடித்துக்கொண்டு போனது, மலேரியாவில் எத்தனை பேர் படுத்தார்கள், எப்போது அரிசி தீர்ந்தது என்பதெல்லாம் வரும். 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1,154 அடி நீள பெய்லி பாலம் போடப்பட்டது. அன்று உலகின் மிக நீண்ட பெய்லி பாலம் அது. அதைக் கடந்து போன டாங்குகளைப் பற்றி நூல்கள் உண்டு. பாலத்துக்கு இரும்புச் சட்டங்களை ஏற்றிவந்த லாரிகளையும், லாரிகள் வந்த சாலையையும், சாலைக்குக் கல் உடைத்தவர்களையும் பற்றி அறிய இந்த நாட்குறிப்புகளைத்தான் நாட வேண்டும். தமிழ்ச் சிப்பாய்கள் அதிகம் இருந்தது அந்த வரிசையில்தான்: சப்பர்ஸ், பயனியர் கம்பெனிகள், சர்வீஸ் கோரின் லாரிகள், கிடங்குகள், பட்டறைகள், மருத்துவமனைகள்.

சுபேதார் சுப்ரமணியத்தை இங்கே நினைக்க வேண்டும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். மெட்ராஸ் சப்பர்ஸின் 11ஆம் ஃபீல்ட் பார்க் கம்பெனி. நான்காம் இந்திய டிவிஷனோடு இத்தாலியில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோவில் கண்ணிவெடி அகற்றும்போது பின்னால் வந்த ஒருவர் வெடியை மிதித்துவிட, அது வெடிக்க இருந்த சில நொடிகளில் அதன்மேல் பாய்ந்து படுத்துத் தன் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவர். அவரைப் பற்றி இவ்வளவு உறுதியாக எழுத முடிகிறதென்றால், விருதுக்கான சான்றுரை லண்டன் கெஜட்டில் அச்சானதுதான் காரணம். அவருக்குப் பின்னால் அதே பாதையில் நடந்து உயிர்பிழைத்தவர்களைப் பற்றி நாம் இப்படி எழுத முடியாது. அவர் இறந்தது தாக்குதலில் அல்ல, வழி திறக்கும் வேலையில் என்பதையும் கவனிக்க வேண்டும். பட்டறையும் பண்டகசாலையும் நடத்தும் கம்பெனி அது. பின்னணிப் பிரிவு, முன்னணிப் பிரிவு என்று நாம் கோடு கிழித்துத் தாத்தாக்களை மதிப்பிடும் வழக்கத்தை அந்த ஒரு சாவே கேள்விக்குள்ளாக்குகிறது.

வீட்டுக் கதையைச் சாட்சியாக்குதல்

வாய்மொழியை ஆவணத்துக்குக் கீழே வைப்பது ஒரு தவறு. அதை அப்படியே வரலாறு என்று அச்சிடுவது இன்னொரு தவறு. வீட்டுக் கதைக்கும் தனக்கென்று விதிகள் உண்டு. அது இடத்தைப் பெருக்கும், காலத்தைச் சுருக்கும். 'பர்மா' என்பது அஸ்ஸாம் ரயில் நிலையமாகவும் இருக்கலாம், இம்பாலாகவும் இருக்கலாம், அரக்கான் கரையாகவும் இருக்கலாம். 'பஸ்ரா' இன்னும் சிக்கல். முதல் போரில் 1914 நவம்பரிலேயே இந்தியப் படை பஸ்ராவைப் பிடித்தது. 1941 ஏப்ரலில் மீண்டும் அங்கே இறங்கியது. கொள்ளுத்தாத்தாவின் பஸ்ராவும் தாத்தாவின் பஸ்ராவும் இரண்டு தலைமுறைக்குள் ஒரே கதையாகிவிடும். பிறந்த ஆண்டு, முதல் பிள்ளை பிறந்த ஆண்டு, திருமண ஆண்டு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கலப்பு பெரும்பாலும் பிரியும். பிள்ளைகளின் வயதில் விழும் இடைவெளி பல குடும்பங்களில் தாத்தா ஊரில் இல்லாத ஆண்டுகளைக் காட்டிக்கொடுக்கும்.

சண்டையைப் பற்றிக் கேட்டால் கதை வரும். வேலையையும் சாப்பாட்டையும் பற்றிக் கேட்டால் தடயம் வரும். விமானத்திலிருந்து மூட்டை மூட்டையாக ரேஷன் விழுந்தது என்று சொல்லியிருந்தால், அது 1944–45இன் பர்மாப் போர்முனையைச் சுட்டும். அந்தக் களத்தில்தான் முற்றுகைக்குள் இருந்த படைகள் வான்வழி உணவில் மாதக்கணக்கில் வாழ்ந்தன. பனியும் மலையும் சொல்லியிருந்தால் இத்தாலியை நினைக்கலாம். ஈராக், ஈரான் மலைப்பகுதியையும் விலக்க முடியாது. தோலை மஞ்சளாக்கிய மாத்திரை நினைவிருந்தால் அது மலேரியாவுக்கான மெபாக்ரின். பர்மாவில் அதைக் கட்டாயமாக விழுங்கவைத்தார்கள். ஆனால் இத்தாலியிலும் கொடுத்தார்கள். ஆகவே அந்த மாத்திரை மட்டும் களத்தைத் தீர்மானிக்காது. கோவேறு கழுதை, லாரி, வானொலி, ஸ்ட்ரெச்சர் என்று அவர் கையாண்ட பொருள் எதுவோ அதுவே பிரிவுக்கு வழிகாட்டும்.

மிகக் கவனமாகக் கையாள வேண்டியது இந்திய தேசிய ராணுவத்தின் இடம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் கைதானார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்; சேராதவர்கள் நியூ கினி வரை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் மலேயாத் தோட்டங்களின் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். ஒரே மனிதர் இரண்டு சீருடையும் போட்டிருக்கக்கூடும். போருக்குப் பின் இவர்களை விசாரித்த பிரிட்டிஷ் அதிகாரிகள் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். கறுப்பு என்று குறிக்கப்பட்டவர்கள் பணிநீக்கம் ஆனார்கள். லாங் ரோலில் விலகிய காரணத்தைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 1972இல் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியம் வந்தபோது உடனிருந்த கைதிகளின் சான்றுகளும் ஏற்கப்பட்டன. அந்தச் சான்றுகள் முப்பதாண்டு கழித்து, ஒரு விண்ணப்பத்துக்காகச் சொல்லப்பட்ட சாட்சியங்கள். பொய் என்று தள்ளத் தேவையில்லை. 1944இன் ஆவணம் போல எடைபோடவும் கூடாது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த தாத்தாவைக் குடும்பம் நாளடைவில் நேதாஜி படைக்கு மாற்றிச் சொல்லியிருந்தால், அந்த மாற்றமும் ஆய்வுக்குரிய ஒரு வரலாற்று உண்மையே. எந்தப் பெருமையை ஊர் ஏற்றது, எதை ஏற்கவில்லை என்பதை அது காட்டுகிறது.

பெயரும் சாதியும்

தேடலில் நடைமுறையில் அதிகம் இடறுவது பெயரில். நம் பெயர்முறையில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. படை எழுத்தர் அதை விட்டுவிட்டோ, ஊரையோ தந்தையையோ குடும்பப் பெயராக்கியோ, தன் காதுக்கு விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதத்திலும் தேட வேண்டும். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். எண் கிடைக்காதவரை, கிடைத்த பெயர் நம் தாத்தாவுடையதுதான் என்று சொல்ல தந்தை பெயரும் ஊரும் இரண்டுமே பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் பொருந்தினால் அதை ஊகம் என்றே எழுத வேண்டும். சேரும்போது வயதைக் கூட்டிச் சொன்னவர்கள், பெயரையே மாற்றிச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதால் வயது பொருந்தாமை தனியாக ஒரு மறுப்பாகாது.

டிஸ்சார்ஜ் தாள்களில் வகுப்பு என்று ஒரு பத்தி உண்டு. அதில் ஆதிதிராவிடர், கிறித்தவர், அல்லது வெறுமனே மதராஸி என்று இருக்கும். சப்பர்ஸிலும் பயனியர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் கணிசமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பட்டாளம் சம்பளம் மட்டும் தரவில்லை; செருப்பு, சீருடை, எண், எல்லோருக்கும் ஒரே வரிசை என்பவற்றையும் தந்தது. சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துணி துவைப்பவர், துப்புரவாளர் என்று 'போரிடாப் பணியாளர்' பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களும் படையில் பதிவு செய்யப்பட்டவர்களே. குண்டு அவர்கள்மீதும் விழுந்தது. வீட்டுக் கதையில் ஹவில்தாராக இருந்தவர் ஆவணத்தில் தண்ணீர் சுமப்பவராக வந்தால், அதை மறைத்து எழுதும் ஆய்வு தாத்தாவுக்கு இரண்டாம் முறை அநீதி செய்கிறது.

திரும்பாதவர்கள்

இறந்தவர்களைத் தேடுவது, கொடுமை என்னவென்றால், உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவதைவிட எளிது. 1917இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரண்டாம் போரில் இறந்த பிரிக்கப்படாத இந்தியாவின் 87,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களை வைத்திருக்கிறது. எரியூட்டப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் கல்லறை இல்லை. நினைவுச்சின்னத்தில் பெயர் உண்டு. பர்மாவில் தௌக்கியானிலுள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கும் மேல். நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த சென்னைப் போர்க் கல்லறையில் தமிழ்ப் பெயரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பெயர்களையே பார்ப்பார்கள். நம்மவர் பெயர்கள் கடல் கடந்த சுவர்களில் இருக்கின்றன. ஆணையத்தின் பதிவில் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், தாலுகா ஆகியவை சில நேரம் முழுமையாகக் கிடைக்கும். 2021இல் அதே ஆணையம் வெளியிட்ட அறிக்கை, முதல் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் பல்லாயிரவரைச் சமமாக நினைவுகூரத் தவறியதை ஒப்புக்கொண்டது. பட்டியலில் இல்லை என்பதற்காக ஒருவர் இறக்கவில்லை என்றாகாது என்பதற்கு ஆணையமே தந்த சான்று இது.

செய்ய வேண்டியது

வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் தமிழகத்தில் உண்டு. இந்த ஊர்களிலும், எந்தப் பெயரும் பெறாத மற்ற ஊர்களிலும், டிஸ்சார்ஜ் சான்றிதழ்கள் டிரங்குப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அழிந்த ஷீட் ரோல்களுக்கு ஈடாக மிஞ்சியிருப்பவை அவைதான். அவற்றை வீடு வீடாகப் படமெடுத்து, எண், பிரிவு, ஊர் என்ற மூன்று விவரங்களோடு ஒரே இடத்தில் சேர்த்தால், சென்னை மாகாணத்துக்கு இல்லாத பதிவேட்டை நாமே உருவாக்கிவிட முடியும். இதைச் செய்ய ராணுவத்தின் அனுமதி தேவையில்லை. பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும், முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும், ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் மனம் வைத்தால் போதும். உதவித்தொகை பெறுபவர் இறந்ததும் மூடப்படும் கோப்புகளை அழிக்காமல் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப அரசு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இதை வாசிப்பவர் வீட்டில் அப்படியொரு தாள் இருந்தால், இந்த மழைக்காலத்துக்கு முன் அதைப் படமெடுத்து, பின்புறமும் சேர்த்து, இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள். பின்புறத்தில்தான் பெரும்பாலும் பெருவிரல் ரேகையும் தாத்தா எங்கெங்கே இருந்தார் என்ற குறிப்பும் இருக்கும்.